உறுதி நம் கையில், காணி எவர் கையில்?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அமெரிக்க ஆட்சிமுறையைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வாசிகசாலையினர் எம்மைக் கேட்டபொழுது நாம் சற்றே தயங்கினோம். தோட்டத்தில் வெங்காயம் கிண்டும் வேலையை விட்டு வந்திருப்போரும், கந்தோர் முடிந்து களைத்து வந்திருப்போரும் நிறைந்த இச்சபைக்கு, கடல் பல கடந்த ஒரு நாட்டின் அரசியல் எதற்கு என்ற ஐயம் எமக்கு எழுந்தது. பின்னர் ஓர் எண்ணம் தோன்றியது. இம்மாவட்டத்தில் வழக்கறிஞரின் வாசலை மிதிப்பவருட் பெரும்பாலார் கையில் ஒரு காணி உறுதியோடுதான் வருகின்றனர். "ஐயா, உறுதி எங்கள் பெயரிலே இருக்கிறது, காணியை ஆளுகிறவன் வேறொருவன்" என்பதே அவர்களின் முறைப்பாடு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமை வரலாறு முழுவதும் இந்த ஒரே முறைப்பாடுதான். 1870இல் அவர்களுக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டது. காணியின் ஆட்சி கைக்கு வர 95 ஆண்டுகள் சென்றன. அவ்வாறு வந்த ஆட்சியும் 2013இல் மீண்டும் தளர்ந்தது. அவ்வழக்கின் கதையையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

எழுதியதும் எழுதாமல் விட்டதும்

1787இல் பிலடெல்பியா நகரிற் கூடி அரசியலமைப்பை வரைந்தவர்கள் பேரறிவாளர். சட்டமியற்றும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கும், நிருவாகத்தை ஜனாதிபதிக்கும், நீதியை நீதிமன்றங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, ஒன்றையொன்று காவல் செய்யுமாறு அமைத்தனர். சிறிய மாநிலத்தைப் பெரிய மாநிலம் விழுங்கிவிடாதிருக்கச் செனற் சபையில் மாநிலத்துக்கு இரண்டு இடம் என்று வகுத்தனர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கலிபோர்ணியாவில் 395 இலட்சம் மக்கள். வயோமிங்கில் 6 இலட்சத்துக்கும் குறைவு. ஆயினும் செனற் சபையில் இரண்டுக்கும் சம இடமே. சிறியவர்க்குக் காவல் வேண்டும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆனால் அக்காவல் மாநிலங்களுக்குக் கிடைத்ததேயன்றி மனிதருக்குக் கிடைக்கவில்லை. எவருக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதை அவர்கள் எழுதவில்லை. அதனை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டனர். அடிமைகளைப் பிரதிநிதித்துவக் கணக்குக்கு மட்டும் ஐந்தில் மூன்று பங்காக எண்ணினர். கணக்கெடுக்கும்போது அவன் ஆள். வாக்கெடுக்கும்போது அவன் ஆளில்லை. எசமானின் பலத்தைப் பெருக்குவதற்கு அடிமையின் தலை பயன்பட்டது.

இவ்வநீதியைத் துடைக்க ஓர் உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது. போர் முடிந்த 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமபாதுகாப்பையும் வழங்கியது. 1870இல் 15ஆம் திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமை நிலை என்பவற்றைக் காரணமாகக் காட்டி எக்குடிமகனின் வாக்குரிமையையும் மறுத்தலோ குறைத்தலோ ஆகாது என்று விதித்தது. அவ்வாண்டிலேயே மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் றெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனற் சபையில் அமர்ந்தார். ஆனால் 1877இல், தென்மாநிலங்களிற் புதிய ஆட்சியைத் தாங்கி நின்ற மத்திய படைகள் பின்வாங்கின. உறுதி பெட்டிக்குள் இருந்தது, காவற்காரன் போய்விட்டான்.

எழுத்திற் சமம், செயலிற் சதி

அன்பர்களே, இனி நடந்ததைச் சட்டம் கற்றவர் என்ற முறையில் நாம் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் எம் தொழிலைச் சேர்ந்தவர்களே. "கறுப்பர் வாக்களிக்கலாகாது" என்று எழுதினால் 15ஆம் திருத்தம் அதனை வெட்டிவிடும். ஆதலால் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத சட்டங்களை அவர்கள் எழுதினர். 1890இல் மிசிசிப்பி புதிய மாநில அரசியலமைப்பை இயற்றியது. வாக்காளன் இரண்டு டொலர் தேர்தல் வரி செலுத்த வேண்டும். அரசியலமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும். இயலாதவன் அதனை வாசிக்கக் கேட்டு, ஏற்ற பொருள் சொல்ல வேண்டும். அப்பொருள் ஏற்றதா அன்றா என்று முடிவு செய்பவர் யார்? பதிவு உத்தியோகத்தர். அவர் வெள்ளையர். வெள்ளை விவசாயிக்கு எளிய வரி. கறுப்பின ஆசிரியருக்குப் பண்டிதரும் திகைக்கும் பிரிவு.

லூசியானா 1898இல் இன்னுமொரு தந்திரம் செய்தது. 1867 சனவரி முதலாந் திகதியன்று வாக்குரிமை பெற்றிருந்தவரும் அவர்தம் மக்களும் பேரரும் எழுத்துத் தேர்விலிருந்து விலக்குப் பெறுவர் என்றது. அந்நாளிற் கறுப்பினத்தவருட் பாட்டனுக்கு வாக்கு ஏது? அம்மாநிலத்தில் 1896இல் 1,30,000க்கு மேற்பட்டிருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1904இல் 1,342 ஆகச் சுருங்கியது. ஓர் இடாப்பு எட்டு ஆண்டில் எவ்வாறு வெறுமையாக்கப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நீதிமன்றம் என்ன செய்தது? 1898இல் மிசிசிப்பிச் சட்டம் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, சட்டத்தின் முகத்திற் பாகுபாடு இல்லை என்று நீதிமன்றம் அதனை விட்டுவிட்டது. 1903இல் அலபாமாவைச் சேர்ந்த ஜைல்ஸ் என்பவர், தமக்காகவும் தம்மைப் போன்ற ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருக்காகவும் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பெழுதியவர் பெரும் புகழ்பெற்ற நீதியரசர் ஹோம்ஸ். பதிவு முறை முழுவதுமே மோசடி என்று வழக்காளி கூறுவாராயின், அம்மோசடி இடாப்பில் அவர் பெயரையும் சேர்க்குமாறு நீதிமன்றம் எவ்வாறு கட்டளையிடும் என்று அவர் வினவினார். பரிகாரத்தை அரசியல் அதிகாரிகளிடமே தேட வேண்டும் என்றார். வாக்கில்லாதவனை நோக்கி, வாக்கினால் வரும் அரசிடம் முறையிடு என்பது, கிணற்றுக் கயிறில்லாதவனை நோக்கி, கிணற்றில் இறங்கிக் கயிறு எடு என்பது போலாகும்.

பின்னர் நீதிமன்றம் மெல்ல விழித்தது. 1915இல் பாட்டன் விதியை வெட்டியது. உடனே ஒக்லகோமா மாநிலம், முன்னரே வாக்களித்தோர் தாமாகவே பதிவாவர், ஏனையோர் 1916இற் பன்னிரண்டு நாட்களுக்குள் பதியாவிடின் என்றென்றைக்கும் உரிமையிழப்பர் என்று வேறொரு சட்டம் செய்தது. அதனை வெட்ட 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1944இல் ரெக்சாஸ் மாநிலத்தின் வெள்ளையர் மட்டும் பங்குகொள்ளும் கட்சி முதற்றேர்தலை வெட்டியது. 1957இல் அலபாமா சட்டசபை, சதுரமாக இருந்த ரஸ்கீகி நகரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர வடிவமாக மாற்றி, நகரிலிருந்த ஏறக்குறைய 400 கறுப்பின வாக்காளரில் நாலைந்து பேர் தவிர ஏனையோரை எல்லைக்கு வெளியே தள்ளியது. 1960இல் அதுவும் வீழ்ந்தது. ஒரு பொந்தை அடைத்தால் எலி மறு பொந்தால் வரும் கதைதான். ஒவ்வொரு வழக்கிலும் வென்றனர். ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றனர்.

ஓர் உழைப்பாளிப் பெண்ணின் பதில்

இச்சபையிலுள்ள விவசாயப் பெருமக்கள் ஒரு பெயரை மனத்திற் பதிக்க வேண்டும். பனி லூ ஹேமர் என்ற அம்மையார் மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்திற் குத்தகை உழைப்பாளி. பதினெட்டு ஆண்டுகள் அங்கு உழைத்தவர். 1962 ஆகஸ்ட் 31ஆந் திகதி பக்கத்து நகருக்குச் சென்று வாக்காளராகப் பதிய முயன்றார். தேர்விற் சித்தியில்லை என்று திருப்பியனுப்பினர். வீடு திரும்பியதும் தோட்டத்துரை சொன்னது இதுவே: விண்ணப்பத்தை மீளப் பெறு, அன்றேல் தோட்டத்தை விட்டுப் போ. அம்மையார் அன்றிரவே வெளியேறினார். 1963 சனவரியில் மீண்டும் சென்று தேர்விலே தேறினார். வாக்களிக்கப் போனபோது, இரண்டு ஆண்டுத் தேர்தல் வரிச் சீட்டுக் கொண்டு வா என்றனர்! 1964 ஆகஸ்டில், சனநாயகக் கட்சியின் மகாநாட்டில், நாடு முழுதும் தொலைக்காட்சியிற் காண அவர் தம் கதையைச் சொன்னார்.

காணியில்லாதவனின் வாக்கு, காணிக்காரனின் தயவில் நிற்கிறது என்பதை எச்சட்டப் புத்தகத்தையும்விடத் தெளிவாக எமக்குக் கற்பித்தவர் அவ்வம்மையாரே.

செல்மாப் பாலத்தில்

அலபாமாவில் டலஸ் கவுண்டி என்ற ஒரு பகுதி. அதன் தலைநகர் செல்மா. வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்கள் ஏறக்குறைய 15,000 பேர். மத்திய நீதித் திணைக்களம் அங்கு வழக்குத் தொடுத்து நான்கு ஆண்டுகள் வரை வாதாடியது. அதன் பயனாகப் பதிவு பெற்றோர் தொகை 156இலிருந்து 383 ஆக உயர்ந்தது. நான்கு ஆண்டு வழக்குக்கு 227 பெயர்!

1965 மார்ச் 7ஆந் திகதி ஏறக்குறைய அறுநூறு பேர் செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகரான மொன்ற்கொமறியை நோக்கி நடக்கத் தொடங்கினர். முன்னே நடந்தவருள் ஒருவர் ஜோன் லூயிஸ், குத்தகை விவசாயி ஒருவரின் மகன், வயது இருபத்தைந்து. பாலத்தைக் கடந்ததும் மாநிலப் பொலிசார் குண்டாந்தடிகளோடும் கண்ணீர்ப் புகையோடும் அவர்கள்மீது பாய்ந்தனர். லூயிசின் மண்டை உடைந்தது. அன்றிரவு அமெரிக்கா அதனைத் தன் வீட்டுக் கூடத்திலிருந்து கண்டது. எட்டு நாட்களின் பின், தென்மாநிலத்தவரான ஜனாதிபதி ஜோன்சன் காங்கிரசின் முன் நின்று சட்டம் கேட்டார். ஆகஸ்ட் 6ஆந் திகதி வாக்குரிமைச் சட்டத்திற் கையொப்பமிட்டார். மண்டை உடைந்த அவ்விளைஞர் 1987இலிருந்து 2020இல் இறக்கும் வரை காங்கிரசில் அங்கத்தவராக வீற்றிருந்தார்.

வரம்பை வெட்டுமுன் அனுமதி

இச்சட்டத்தின் நுட்பம் யாது? எழுத்துத் தேர்வுகளை அது நிறுத்தியது; மத்திய பதிவு உத்தியோகத்தரை அனுப்பியது. அவற்றினும் மேலானது அதன் 5ஆம் பிரிவு. பாகுபாட்டிற் பழகிய மாநிலங்களும் கவுண்டிகளும், தேர்தல் தொடர்பான எந்த மாற்றத்தையும் நடைமுறைக்குக் கொண்டு வருமுன், மத்திய சட்டமா அதிபரிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி பெற வேண்டும். மாற்றம் தீங்கற்றது என்று எண்பிக்கும் பொறுப்பும் அவற்றையே சாரும்.

வயல் செய்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அயலவன் வாய்க்கால் வரம்பை வெட்டி உங்கள் பயிர் அழிந்த பின்னர் நீங்கள் வழக்குப் போடலாம். மூன்று ஆண்டின் பின் நட்டஈடும் பெறலாம். ஆயின் அப்போகம் போனது போனதே. வெட்டுமுன் அவன் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி இருந்தாற்றான் பயிர் பிழைக்கும். தேர்தலும் ஒரு போகமே. தவறிய தேர்தலை எந்நீதிமன்றமும் மீட்டுத் தரமாட்டாது.

பயன் உடனே தெரிந்தது. மிசிசிப்பியில் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் நூற்றுக்கு 60 அளவுக்கு உயர்ந்தது. 1975இல் இச்சட்டம் மொழிச் சிறுபான்மையினருக்கும் விரிந்தது; ஸ்பானிய மொழியினரும், ஆசிய மொழியினரும், பூர்வீக அமெரிக்கரும் குறித்த அளவு தொகையினராக வாழும் இடங்களில், வாக்குச்சீட்டும் தேர்தல் அறிவித்தலும் அவரவர் மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. மொழியுரிமையின் அருமையை அறிந்த இச்சபை இவ்வரியைக் கவனிக்கும் என்று நம்புகின்றோம்.

குடையும் மழையும்

2006இல் இச்சட்டத்தைக் காங்கிரஸ் மேலும் 25 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தது. செனற் சபையில் 98 வாக்கு ஆதரவு, எதிர் ஒன்றுமில்லை. எனினும் 2013 யூன் 25ஆந் திகதி, ஷெல்பி கவுண்டி வழக்கில், உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், எவ்விடங்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பிரிவைச் செல்லாதாக்கியது. அது அரை நூற்றாண்டுப் பழைய கணக்கில் நிற்கிறது, நாடு மாறிவிட்டது, மாநிலங்கள் சமமாக நடத்தப்பட வேண்டும் என்பன பிரதம நீதியரசர் றொபேட்சின் நியாயங்கள். இவ்வாதத்தில் உண்மை சிறிதும் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம்; நாடு மாறியது மெய். ஆனால் எதனால் மாறியது? நீதியரசர் கின்ஸ்பேர்க் அம்மையார் தம் மாறுபட்ட தீர்ப்பில், குடை பிடித்திருப்பதால் நனையாதிருப்பவன், நனையவில்லையே என்று மழையிற் குடையை எறிவது போன்றது இது என்ற கருத்தை எடுத்துரைத்தார்.

மழை உடனே பெய்தது. தீர்ப்பு வந்த அன்றே ரெக்சாஸ், தடைப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே வட கரோலினா ஒரு தேர்தற் சட்டம் செய்தது. அது கறுப்பின வாக்காளரைச் சத்திரசிகிச்சை போன்ற துல்லியத்துடன் குறிவைத்தது என்று 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டு, அதனை வெட்டியது. ஆனால் அதன் பல பிரிவுகளின் கீழ் 2014ஆம் ஆண்டுத் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. நாம் முன்னே சொன்ன அழிந்த போகம் இதுவே.

கதியால் நகர்த்துவோர்

இனி எல்லை வகுக்கும் கலையைப் பாருங்கள். வேலி அடைக்கும்போது ஆண்டுக்கு ஒரு முழம் கதியாலை நகர்த்தும் வித்தை நம்மவர்க்குப் புதியதன்று. அமெரிக்காவில் அதனைத் தேர்தல் தொகுதிகளிற் செய்கின்றனர். 2019இல் வட கரோலினாவிற் குடியரசுக் கட்சியும், மேரிலாந்தில் சனநாயகக் கட்சியும் தமக்குச் சாதகமாக வகுத்த தொகுதிகள் வழக்குக்கு வந்தன. கட்சி நோக்கோடு எல்லை வகுப்பது மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கத்தக்க விடயமன்று என்று உயர் நீதிமன்றம் கைகழுவியது. 2025இல் ரெக்சாஸ், குடிசன மதிப்புக்குக் காத்திராமலே, குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடம் தேடி எல்லைகளை மாற்றியது. பதிலுக்கு, அவ்வாண்டு நவம்பரில் கலிபோர்ணியா வாக்காளர் தம் மாநிலத்தில் மறு கட்சிக்குச் சாதகமான எல்லைகளை ஏற்றனர். இரு வீட்டாரும் கதியாலை நகர்த்தினால் ஒழுங்கை எங்கே மிஞ்சும்?

ஆயினும் நம்பிக்கை அறவே அற்றதன்று. அலபாமாவில் மக்களுள் நூற்றுக்கு 27 பேர் கறுப்பினத்தவர். ஏழு தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் பெரும்பான்மையினர். 2023இல் அதே உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. புதிய எல்லைகளின்படி நடந்த 2024 தேர்தலில் அம்மாநிலத்திலிருந்து கறுப்பினத்தவர் இருவர் காங்கிரசுக்குத் தெரிவாயினர்.

நம் வீட்டுக் கணக்கு

இனி ஒரு கசப்பான வினா. பல்லின நாட்டுக்குச் சமஷ்டியே ஏற்ற மருந்து என்று மேடைதோறும் பேசிவரும் நாம், அமெரிக்காவில் "மாநில உரிமை" என்ற சுலோகத்தைக் கூவியவர் எவர் என்பதை மறைக்கலாமோ? செல்மாப் பாலத்தில் தடியோடு நின்றவர் மாநிலப் பொலிசாரே. வாக்குரிமையைக் கொணர்ந்தது மத்திய சட்டமே. மறுபுறம், 1850களில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்குமாறு மத்திய சட்டம் பணித்தபோது, அதனை எதிர்த்து நின்றது விஸ்கொன்சின் போன்ற மாநிலங்களே. ஆதலின் அதிகாரம் மத்தியில் இருப்பதாலோ மாநிலத்தில் இருப்பதாலோ மட்டும் நீதி பிறவாது. அவ்வெல்லைக்குள் மிகச் சிறியவன் யாரோ, அவனுக்கு எவ்வரசும் பறிக்கமுடியாத காவல் இருக்கின்றதா என்பதே உரைகல்.

இவ்வுரைகல்லில் இலங்கையை உரைத்துப் பார்ப்போம். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓரினத்துக்குப் பாதகமான சட்டத்தைத் தடுத்தது. ஆயினும் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். அச்சட்டங்களில் இனத்தின் பெயர் இல்லை. 1953இல் கோமறைக் கழகமும் அவை செல்லும் என்றது. மிசிசிப்பித் தீர்ப்பின் தம்பியன்றோ அது? 1972இல் அந்த 29ஆம் பிரிவும் போயிற்று. அம்மக்களுட் குடியுரிமையின்றி எஞ்சியிருந்தோருக்கு அதனை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

நம் மண்ணையும் உரைத்துப் பார்ப்போம். பொது இடங்களிற் சாதித்தடை குற்றம் என்று 1957இற் சட்டம் வந்தது. பதினொரு ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர் கொழும்பிலிருந்து வந்தவரல்லர், நம்மவரே. உரிமை கேட்டு வெளியே நீட்டும் கை, உள்ளே கதவைச் சாத்தும் கையாக இருக்குமானால், நம் வழக்கை உலகம் எவ்வாறு நம்பும்?

அன்பர்களே, உங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஆண்டுதோறும் கிராம அலுவலர் வாக்காளர் இடாப்புக்கான பத்திரத்தைக் கொண்டுவரும்போது, அதனை மழைக்கு ஒதுங்கிய தாள்போற் கூரையிற் செருகி வைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெயர் இருக்கின்றதா என்று பாருங்கள். பின்பு அயல் வீட்டுப் பெயரைப் பாருங்கள். காணியில்லாத குடும்பத்தின் பெயரையும், இடம்பெயர்ந்து வந்து ஒட்டுக்குடிலில் இருப்பவரின் பெயரையும் முதலிற் பாருங்கள். எழுதத் தெரியாதவருக்கு இவ்வாசிகசாலை இளைஞர் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கேனும் பெயர் விடுபட்டிருப்பின் எம்மிடம் வாருங்கள். கட்டணமின்றி விண்ணப்பமும் மேன்முறையீடும் எழுதித் தருவோம். ஹேமர் அம்மையார் ஒரு பெயரைப் பதிவதற்காகப் பதினெட்டு ஆண்டு இருந்த இடத்தை இழந்தார். நமக்கு அதற்கு வேண்டியது ஒரு பிற்பகல்.